வெக்கை நாவலும் அசுரன் திரைப்படமும்

பூமணி எழுதிய வெக்கை (1982) நாவலைத் தழுவி வெற்றிமாறன் இயக்கிய திரைப்படம் அசுரன். 2019 அக்டோபர் 4 அன்று வெளியானது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது இதற்குக் கிடைத்தது. சிவசாமியாக நடித்த தனுஷ் சிறந்த நடிகருக்கான தேசிய விருது பெற்றார். படத்தைப் பார்த்துவிட்டு நாவலைப் படிக்கும் மாணவருக்கு, இது அதே கதைதானா என்ற ஐயம் எழலாம். கதைக்கரு ஒன்றே; அது யாருடைய கதை என்பதில்தான் வேறுபாடு.

பொதுவான கதை

கரிசல் மண்ணில் ஒரு சிறு விவசாயக் குடும்பம். அதன் நிலத்தின் மேல் கண்வைத்த வடக்கூரானால் மூத்த மகன் கொல்லப்படுகிறான். இளையவன் சிதம்பரம் வடக்கூரானைக் கொல்கிறான். தந்தையும் மகனும் தலைமறைவாகிறார்கள்.

நாவல்: மகனின் கதை

நாவல் கொலையிலேயே தொடங்குகிறது. சிதம்பரத்துக்கு வயது 15. கையை வெட்டவே போனான், உயிர் போய்விட்டது. அதன்பின் வருவது பெரும்பாலும் காடுமேடுகளில் ஒளிந்து திரியும் நாட்கள்தாம். சமைக்கிறார்கள், தூங்குகிறார்கள், இறந்தவனை நினைத்துப் பேசிக்கொள்கிறார்கள். தந்தை மகனைக் கடிந்துகொள்வதில்லை, தோழன்போல் உடனிருக்கிறார். சாதிப் பெயர் எதையும் பூமணி சொல்வதில்லை. வாழ்க்கை விவரங்களிலிருந்து வாசகரே உணர்ந்துகொள்ள வேண்டும்.

படம்: தந்தையின் கதை

படத்தில் தந்தை சிவசாமியே நாயகன். மூத்த மகன் முருகனைச் சிறையிலிருந்து மீட்க, ஊரார் ஒவ்வொருவர் காலிலும் அவர் விழுகிறார். இதனால் சிதம்பரம் அவரைக் கோழை என எண்ணுகிறான். இந்த எண்ணத்தை மாற்றவே சிவசாமியின் இளமைக்காலம் விரிகிறது. செருப்பு அணிந்ததற்காக மாரியம்மாள் அவமதிக்கப்படுவதும், பஞ்சமி நில மீட்புப் போராட்டமும், குடிசை எரிப்பும் நாவலில் இல்லாத பகுதிகள். குடிசை எரியும் காட்சி, 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கீழ்வெண்மணியை நினைவூட்டுகிறது.

முடிவில் உள்ள வேறுபாடு

நாவலின் இறுதியில் தந்தையும் மகனும் சரணடைய நீதிமன்றம் நோக்கிச் செல்கிறார்கள். படத்தில் சிவசாமி பழியைத் தானே ஏற்கிறார். படிப்பை மட்டும் எவராலும் பறிக்க முடியாது என்று மகனுக்கு அறிவுரை கூறுகிறார்.

மதிப்பீடு

நாவல் குறிப்பால் உணர்த்தியதைப் படம் வரலாற்றோடு சேர்த்து வெளிப்படையாகப் பேசியது. பஞ்சமி நிலம் என்ற சொல்லையே அறியாத இளைஞர் பலரிடம் அதைக் கொண்டுசேர்த்தது. இது சிறிய ஆதாயமன்று.

இழப்பும் உண்டு. படத்தில் தந்தை தம் வீரத்தைச் சண்டையில் மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது. நாவலின் தந்தைக்கு அந்தத் தேவையே இல்லை. மகனுக்குப் பக்கத்தில் படுத்துறங்குவதே போதுமானதாக இருக்கிறது. கொலை செய்துவிட்ட ஒரு சிறுவனின் மனம் அடுத்தடுத்த நாட்களில் என்ன பாடுபடும் என்பது நாவலின் மையக் கேள்வி. தந்தை பழியை ஏற்றதும் படத்தில் அந்தக் கேள்வி பின்னால் போய்விடுகிறது. இவ்வளவு கோபம் எங்கிருந்து வந்தது என்பதைப் படம் விளக்குகிறது. அந்தக் கோபத்தின் சுமையை நாவல் உணரவைக்கிறது. எனவே படம் பார்த்தவர்களும் நாவலைத் தனியே படிக்க வேண்டும்.