கதாயுதத்தின் நகல்

15ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் கதாயுதத்தின் நகல் ஒன்றை நண்பர் வீட்டில் தூக்கிப் பார்த்தேன். தலையைச் சுற்றி ஏழு இரும்புத் தகடுகள். ஒரு கையால் சுழற்ற முடியவில்லை. ‘என்னங்க இவ்வளவு கனம்?’ என்றால், ‘கனமில்லேன்னா யாரு வாங்குவா?’ என்கிறார். அருங்காட்சியகங்களில் எஞ்சியிருக்கும் அசல்கள் பெரும்பாலும் ஒன்றிலிருந்து ஒன்றரை கிலோவுக்குள் அடங்கிவிடுகின்றன. குதிரைமேல் இருந்துகொண்டு ஒரு கையால் திரும்பத் திரும்ப வீச வேண்டிய கருவி. ஆக, இந்த நகலின் மூலப்பிரதியை அருங்காட்சியகத்தில் தேடிப் பயனில்லை. இடைக்காலம் என்றாலே முரட்டுத்தனம் என்ற சொல்லாடலில்தான் அது கிடக்கிறது. கனம் அதற்கான குறி.

இதைவிடச் சிக்கலான சமாச்சாரம் பாதிரியார் பற்றியது. ரத்தம் சிந்தக்கூடாது என்ற விதிக்காகவே குருமார்கள் வாளை விட்டுக் கதாயுதம் ஏந்தினார்கள் என்று ஒரு பேச்சு. 1974இல் வந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டு இதையே ஆட்டவிதியாக்கியது. சான்றாகக் காட்டப்படுவது பேயூ சித்திரச் சீலை: 1066 ஹேஸ்டிங்ஸ் போரில் பிஷப் ஓடோ கையில் ஒரு தடி. சரி, அதே சீலையில் வில்லியம் கையிலும் தடி இருக்கிறதே, அவர் என்ன பாதிரியாரா? தலைமையின் அடையாளம் அது என்ற வாசிப்பே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

அடிப்பதும் ஆள்வதும் ஒரே தடியில் இருந்தன. பிற்பாடு சடங்குக் கதாயுதங்களில் அடிக்கும் தகடுகள் சுருங்கி அலங்காரமாயின. அரசச் சின்னம் பொறித்த கைப்பிடி முனை பெருத்து, கிரீடம் தாங்கித் தலையாயிற்று. பிரிட்டிஷ் மக்களவையில் அது இல்லாமல் சபை நடக்காது. 1653இல் குரோம்வெல் அதை அப்புறப்படுத்தச் சொன்னார். 2018இல் பிரெக்ஸிட் வாக்கெடுப்பு தள்ளிப்போடப்பட்டபோது உறுப்பினர் ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு நடக்க, வெளியேற்றப்பட்டார். யாரையும் அடிக்காத கதாயுதத்துக்கு இவ்வளவு பாதுகாப்பு. நகல் வியாபாரமோ மற்ற பாதியை, வன்முறையை மட்டும், அதிகாரத்திலிருந்து கழற்றிப் பொழுதுபோக்காக விற்கிறது.

இதில் நம்ம பக்கத்துச் சங்கதியும் உண்டு. மேலைச் சந்தைக்கான இத்தகைய நகல்கள் பல டேராடூனில் தயாராகின்றன. ஐரோப்பியனின் இறந்தகாலத்தை இந்தியத் தொழிலாளி அடித்து, தேய்த்து, பழசாக்கி அனுப்புகிறான். தகட்டின் கோணம் அசலோடு ஒத்துப்போகிறதா என்று மணிக்கணக்கில் சண்டை போடும் சேகரிப்பாளர்கள், அடித்த கையைப் பற்றி வாயே திறப்பதில்லை. நண்பர் வீட்டுக் கதாயுதத்தின் பிடியில் ஒட்டுச்சீட்டின் பசை மட்டும் பிசுபிசுத்தது. கேட்டேன். ‘இந்தியான்னு போட்டிருந்துச்சு. வாங்கின அன்னிக்கே சுரண்டிட்டேன்’ என்றார்.