ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க்: ஓர் இளம் பந்தெறிவாளரை மதிப்பிடுதல்

ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க் (பிறப்பு: ஜூலை 20, 1988) அமெரிக்க பேஸ்பால் வீரர். வாஷிங்டன் நேஷனல்ஸ் அணியின் பந்தெறிவாளர் (பிட்சர்). 2009ஆம் ஆண்டின் வீரர் தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர். கல்லூரியில் ஆடியபோதே அவரளவுக்குக் கூர்ந்து கவனிக்கப்பட்ட பந்தெறிவாளர்கள் மிகச் சிலரே. 2024இல் ஓய்வு பெற்றார். ஓர் இளம் வீரரின் இன்றைய திறனைக் கொண்டு அவரது எதிர்காலத்தைச் சொல்ல முடியுமா என்ற கேள்விக்கு அவரது ஆட்ட வாழ்க்கை தெளிவான சான்றாக அமைந்துள்ளது.

பின்னணி

கலிபோர்னியா மாநிலம் சான் டியேகோவில் பிறந்தார். பள்ளிப்படிப்பு முடிந்தபோது எந்தத் தொழில்முறை அணியும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது உடல் எடை மிகுந்தவராக, பயிற்சி ஓட்டங்களில் பின்தங்குபவராக இருந்தார். அங்கு பயிற்சியாளராக இருந்தவர் டோனி க்வின், தம் காலத்தின் தலைசிறந்த மட்டையாளர்களில் ஒருவர். அவர் ஸ்ட்ராஸ்பர்க்கை முதலில் ஆட்டத்தின் இறுதியில் ஓரிரு இன்னிங்ஸ் மட்டும் எறியவைத்தார். ஸ்ட்ராஸ்பர்க் எடையைக் குறைத்தார், பந்தின் வேகம் கூடியது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற அமெரிக்க அணியில் அவர் ஒருவரே கல்லூரி வீரர். 2009 கல்லூரிப் பருவத்தில் 109 இன்னிங்ஸில் 195 மட்டையாளர்களை ஸ்ட்ரைக் அவுட் செய்தார், 19 பேருக்கு மட்டுமே வாக் கொடுத்தார். நேஷனல்ஸ் அணி அவருடன் 1.51 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. புதிதாகத் தேர்வான வீரருக்கு அதுவரை அவ்வளவு தொகை கொடுக்கப்பட்டதில்லை.

பதினெட்டு வயதில் யாரும் வேண்டாத ஒருவர் இருபத்தோரு வயதில் எல்லோரும் வேண்டுபவரானார். இளம் வீரர் பற்றிய எந்தக் கணிப்பும் அவர் வளர்ந்துகொண்டிருக்கும்போது எடுக்கப்பட்ட ஒரு புகைப்படம் மட்டுமே என்பதை இது காட்டுகிறது.

மதிப்பீட்டு முறை

அமெரிக்க பேஸ்பாலில் இளம் வீரர்களைத் தேடிச்செல்பவர்கள் (ஸ்கவுட்) 20 முதல் 80 வரையிலான அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். 50 என்பது மேஜர் லீக் வீரரின் சராசரி. 80 மிக அரிதானது. வேகப்பந்து, வளைபந்து, சேஞ்ச்அப் (வேகப்பந்து போன்ற கைவீச்சில் மெதுவாக வரும் பந்து), கட்டுப்பாடு ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மதிப்பெண் இடப்படும். ஒவ்வொரு திறனுக்கும் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று இன்றைய நிலை, மற்றொன்று அவர் எட்டக்கூடிய நிலை.

முதல் எண்ணைக் கண்ணால் பார்த்தும் வேகமானியால் அளந்தும் இடலாம். இரண்டாம் எண் ஊகம். ஆனால் இரண்டும் ஒரே தாளில், ஒரே அளவுகோலில் அருகருகே எழுதப்படுவதால் ஊகத்துக்கும் அளவீட்டின் மதிப்பு வந்துவிடுகிறது. இம்முறையின் முதல் குறை இது. இரண்டாவது குறை, அந்த உடல் எத்தனை ஆண்டுகள் தாங்கும் என்பதற்கு அதில் இவ்வளவு நம்பகமான எண் இல்லை.

திறன்கள்

ஸ்ட்ராஸ்பர்க்கின் வேகப்பந்து மணிக்கு 100 மைல் (சுமார் 160 கிலோமீட்டர்) அளவைத் தொட்டது. எறியும் மேட்டிலிருந்து மட்டையாளர் நிற்குமிடம் 18.44 மீட்டர் தொலைவு. இந்த வேகத்தில் பந்து அரை நொடிக்கும் குறைவான நேரத்தில் வந்துவிடும். கிரிக்கெட்டைப் போலப் பந்து தரையில் பட்டு எழுவதில்லை. ஆகவே மட்டையாளரை ஏமாற்றுவதற்கு எறிவாளரிடம் இருப்பவை வேகம், காற்றில் பந்தின் திருப்பம், வேக மாற்றம், பந்து சேரும் இடம் ஆகியவை மட்டுமே.

வேகம் மிக்க இளைஞர்கள் பலர் கட்டுப்பாடு இல்லாதவர்கள். ஸ்ட்ராஸ்பர்க் விதிவிலக்காக இருந்தார். ஜூன் 8, 2010 அன்று பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்கு எதிரான முதல் ஆட்டத்தில் 7 இன்னிங்ஸில் 14 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். கடைசி ஏழு பேரும் தொடர்ச்சியாக அவ்வாறே வெளியேறினர். ஒரு வாக்கும் கொடுக்கவில்லை. இன்றைய திறனைப் பொறுத்தவரை ஸ்கவுட்டுகளின் கணிப்பு முழுமையாகச் சரி என்பதை அந்த ஒரு மாலை நிறுவியது.

ஆனால் முதல் ஆட்டம் எதிர்காலத்துக்கு உத்தரவாதம் அல்ல. 1954இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் கார்ல் ஸ்பூனர் தம் முதல் ஆட்டத்தில் 15 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். கையில் ஏற்பட்ட காயத்தால் அடுத்த ஆண்டோடு அவரது மேஜர் லீக் வாழ்க்கை முடிந்தது.

உடலும் எறியும் முறையும்

ஆகஸ்ட் 21, 2010 அன்று ஸ்ட்ராஸ்பர்க்கின் முழங்கை உள்பக்கத் தசைநார் கிழிந்தது. அப்போது அவர் ஆடியிருந்தவை 12 ஆட்டங்கள். காயம் வெளிப்பட்டபோது எறிந்தது அவரது வேகமான பந்துகூட அல்ல, ஒரு சேஞ்ச்அப். செப்டம்பரில் டாமி ஜான் அறுவைச் சிகிச்சை நடந்தது. உடலின் வேறிடத்திலிருந்து எடுத்த தசைநாணை முழங்கையில் பொருத்தும் இம்முறையை 1974இல் மருத்துவர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலில் டாமி ஜான் என்ற வீரருக்குச் செய்தார். அவர் பெயரே சிகிச்சைக்கு நிலைத்தது.

காயத்துக்குப் பின் ஸ்ட்ராஸ்பர்க்கின் எறியும் முறை குறை சொல்லப்பட்டது. எறிவதற்குமுன் இரு முழங்கைகளும் தோளுக்கு மேலே எழுவதே காரணம் என்றனர். இவ்விளக்கம் எளிமையானது, ஆனால் போதுமானதல்ல. சிகாகோ கப்ஸ் அணியின் மார்க் பிரையர் 2001இல் தேர்வானபோது அவரது எறியும் முறை குறையற்றது என்று புகழப்பட்டது. 2003இல் 18 வெற்றிகள் பெற்ற அவர் 2006க்குப் பின் மேஜர் லீக்கில் எறியவே இல்லை. குறை சொல்லப்பட்ட ஸ்ட்ராஸ்பர்க்கோ, அறுவைச் சிகிச்சைக்குப் பின் நூற்றுக்கும் மேற்பட்ட வெற்றிகளைப் பெற்றார். பார்க்க அழகான எறிமுறையும் காயமடையாத எறிமுறையும் ஒன்றல்ல.

2012 முடிவு

2012இல் நேஷனல்ஸ் அணி சிறப்பாக ஆடியது. ஸ்ட்ராஸ்பர்க் 15 வெற்றிகள் பெற்றிருந்தார். எனினும் பொது மேலாளர் மைக் ரிஸ்ஸோ முன்பே அறிவித்திருந்தபடி, 159⅓ இன்னிங்ஸோடு செப்டம்பரில் அவரை நிறுத்திவிட்டார். சிகிச்சையிலிருந்து மீண்ட கைக்கு ஓய்வு தேவை என்பது காரணம். 98 ஆட்டங்களை வென்ற அணி, செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்கு எதிரான தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் 6-0 என முன்னிலை பெற்றும் 9-7 என்று தோற்று வெளியேறியது.

இம்முடிவு இன்றும் விவாதிக்கப்படுகிறது. 2019இல் அவர் வென்றதைக் காட்டி முடிவு சரி என்பவர்கள் உண்டு. 2012க்குப் பின்னும் காயங்கள் தொடர்ந்ததைக் காட்டித் தவறு என்பவர்களும் உண்டு. நிறுத்தாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லாததால் இரு தரப்பும் நிறுவ முடியாததையே சொல்கின்றன. முடிவை அது எடுக்கப்பட்ட நாளில் கையிலிருந்த தகவலைக் கொண்டே மதிப்பிடவேண்டும். அவ்வகையில் அது நேர்மையான முடிவு. அணியின் ஓர் ஆண்டு வாய்ப்பைவிட இருபத்துநான்கு வயது இளைஞரின் கை முக்கியம் என்று கருதப்பட்டது.

கற்கும் திறன்

கல்லூரி மட்டையாளர்களை வீழ்த்த வேகப்பந்தும் வளைபந்துமே போதுமாக இருந்தன. சேஞ்ச்அப் அதிகம் தேவைப்படவில்லை. வயதோடு வேகம் குறைந்தபோது அவர் வளைபந்தையும் சேஞ்ச்அப்பையும் நம்பி ஆடினார். 2019இல் 209 இன்னிங்ஸ், 18 வெற்றிகள், 251 ஸ்ட்ரைக் அவுட்டுகள் எடுத்தார்.

அவ்வாண்டு ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸுக்கு எதிரான உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் முதல் இன்னிங்ஸிலேயே இரண்டு ஓட்டங்கள் கொடுத்தார். எந்தப் பந்து வரப்போகிறது என்பதை அவரது கையசைவே காட்டிக்கொடுப்பதாகப் பயிற்சியாளர் பால் மென்ஹார்ட் சொன்னார். அதன்பின் ஸ்ட்ராஸ்பர்க் ஒவ்வொரு பந்துக்கும் முன்பு கையுறையை அசைத்து அந்தக் குறிப்பை மறைத்தார். 8⅓ இன்னிங்ஸ் எறிந்தும் மேலும் ஓர் ஓட்டமும் கொடுக்கவில்லை. தொடரின் சிறந்த வீரராகத் தேர்வானார். பிழையை ஏற்று உடனே திருத்திக்கொள்ளும் இக்குணம் எந்த வேகமானியிலும் பதிவாவதில்லை.

மதிப்பீடு

வெற்றியை ஒட்டி 2019 டிசம்பரில் ஏழு ஆண்டுகளுக்கு 24.5 கோடி டாலர் ஒப்பந்தம் கிடைத்தது. அதன்பின் அவர் ஆடியது எட்டே ஆட்டங்கள், 31⅓ இன்னிங்ஸ். தோள்பட்டைக்கருகில் நரம்புகளும் ரத்தக்குழாய்களும் நெருக்கப்படும் நோய்க்கு 2021இல் அறுவைச் சிகிச்சை நடந்தது. கை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பத்தாண்டு அனுபவமும் ஏராளமான தரவுகளும் இருந்தும் 2019இன் கணிப்பு 2009இன் கணிப்பைவிட அதிகமாகத் தவறியது.

மேஜர் லீக்கில் ஸ்ட்ராஸ்பர்க் 113 வெற்றிகள், 62 தோல்விகள், 1,470 இன்னிங்ஸில் 1,723 ஸ்ட்ரைக் அவுட்டுகள் கொண்டவர். 200 இன்னிங்ஸைக் கடந்தது இரு பருவங்களில் மட்டுமே. இந்த எண்களைக் கொண்டு அவரை ஏமாற்றம் என்று சொல்வது அநீதி. எதிர்பார்க்கப்பட்ட அளவை எட்டியவர் என்று சொல்வதும் முழு உண்மை அல்ல. எத்தனை சிறப்பாக எறிவார் என்பதை மதிப்பிட்டவர்கள் சரியாகச் சொன்னார்கள். எத்தனை காலம் எறிவார் என்பது அவர்களால் சொல்ல முடியாததாக இருந்தது.

இளம் பந்தெறிவாளரைப் பற்றிய மதிப்பீட்டைப் படிப்பவர் வேகம், கட்டுப்பாடு ஆகியவற்றின் எண்களை நம்பலாம். கற்கும் குணத்தைப் பற்றிய குறிப்பை எண்களைவிடக் கவனமாக வாசிக்கவேண்டும். உடலின் ஆயுளைப் பற்றிய உறுதிமொழியை எவர் அளித்தாலும் ஐயத்துடனே அணுகவேண்டும்.