இழுக்கும் திறனா, சுமக்கும் திறனா?

அமெரிக்காவில் கேம்பர் டிரெய்லர் இழுப்பதற்காகப் பிக்கப் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது “இது எவ்வளவு இழுக்கும்?” என்றுதான். விளம்பரங்களும் 11,000 பவுண்டு, 13,000 பவுண்டு என்று அந்தக் கேள்விக்கே பதில் சொல்கின்றன. அந்த எண் பொய்யில்லை. ஆனால் குடும்பத்தோடு பயணம் போகிறவர் அதை நம்பி வண்டியைத் தேர்ந்தெடுத்தால் தவறான வண்டிதான் வீட்டுக்கு வரும்.

முன்பெல்லாம் ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி அளந்து ஓர் எண்ணை அறிவித்தது. எஸ்.ஏ.இ. ஜே2807 என்ற பொதுச் சோதனை முறை அதற்கு முடிவுகட்டியது. 2011 மாடல் டன்ட்ரா பிக்கப்புக்கு டொயோட்டா அதை முதலில் ஏற்றது. டெட்ராய்ட் நிறுவனங்கள் 2015 வாக்கில் ஏற்கத் தொடங்கின. அந்தச் சோதனையின் ஒரு கட்டம், அரிசோனாவில் டேவிஸ் அணைக்கு அருகே 11.4 மைல் மலையேற்றம். கொளுத்தும் வெயிலில், ஏ.சி. முழு வேகத்தில் ஓட, வழக்கமான பிக்கப் மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் ஏறியாக வேண்டும். கடுமையான, நேர்மையான சோதனை. ஆனால் அதில் வண்டிக்குள் இருப்பதாகக் கணக்கிடுவது தலா 150 பவுண்டு எடையுள்ள இருவரை மட்டுமே. பின்சீட்டில் பிள்ளைகள் கிடையாது. பின்தட்டில் சைக்கிளோ ஜெனரேட்டரோ விறகோ கிடையாது.

உண்மையான வரம்பு ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சிறிய ஸ்டிக்கரில் இருக்கிறது. ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அது சொல்கிறது. ஒரே மாடலில் இரண்டு வண்டிகளுக்குக்கூட இந்த எண் மாறும். சன்ரூஃப், நான்கு சக்கர இயக்கம், சொகுசு இருக்கைகள் என்று சேரச் சேரக் குறையும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாமான் ஏற்றிய பிறகு 7,000 பவுண்டு (சுமார் 3,175 கிலோ) எடையுள்ள டிரெய்லர். அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம், வண்டியின் பின்னால் டிரெய்லரை மாட்டும் ஹிட்ச் மேல் இறங்க வேண்டும். குறைந்தால் நெடுஞ்சாலையில் டிரெய்லர் பாம்பாய் நெளியும். 13 சதவீதம் என்றால் ஏறக்குறைய 900 பவுண்டு. எடையைப் பங்கிடும் ஹிட்ச் 100. நான்கு பேர் 600. மொத்தம் 1,600. எஃப்-150, ராம் 1500 போன்ற, ‘அரை டன்’ என்று அழைக்கப்படும் வகையில், வசதிகள் நிறைந்த வண்டிகளின் ஸ்டிக்கரில் 1,500 பவுண்டுக்கு அருகிலேயே எண்ணைக் காணலாம். ஐஸ் பெட்டியை ஏற்றுவதற்கு முன்பே வரம்பு தாண்டிவிட்டது. இத்தனைக்கும் இழுதிறனில் இன்னும் நிறைய மிச்சம் இருக்கும்.

உபகரணங்களால் இதைச் சரிக்கட்டலாம் என்பார்கள். எடையைப் பங்கிடும் ஹிட்ச், பின்பாரத்தில் ஒரு பங்கை முன் ஆக்ஸிலுக்கும் டிரெய்லரின் ஆக்ஸில்களுக்கும் திருப்புகிறது; ஸ்டியரிங் பிடிப்பு மீள்கிறது. அது அவசியமானதே. பின் ஸ்பிரிங்குக்குத் துணையாகப் பொருத்தும் ஏர்பேக், தாழ்ந்த வண்டியை நிமிர்த்தும். ஆனால் இரண்டுமே ஸ்டிக்கரில் உள்ள எண்ணை ஒரு பவுண்டுகூட உயர்த்தாது. ஆக்ஸில், சக்கரம், டயர், பிரேக் எல்லாம் பழையவைதானே?

அரை டன் வண்டிக்கும் ஒரு நியாயம் உண்டு. கொலராடோவில் ஐ-70 சாலை ஐசன்ஹோவர் சுரங்கத்தருகே 11,000 அடிக்கு மேல் ஏறுகிறது. அந்த உயரத்தில் டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் தன் சக்தியில் ஏறத்தாழ 30 சதவீதத்தை இழக்கும். ஃபோர்டின் டர்போ வி6 பூட்டிய அரை டன் வண்டி அங்கே பெரிய வி8-ஐ முந்திவிடலாம். ஆனால் ஏற்றத்தில் வேகம் குறைந்தால் சில நிமிடங்கள்தான் போகும். இறக்கத்தில் பிரேக் சூடேறி பிடிமானம் தளர்ந்தால் உயிருக்கே ஆபத்து. பெரிய பிரேக்கும் கனமான சட்டமும் கொண்ட, அடுத்த பெரிய வகையான முக்கால் டன் வண்டியின் மதிப்பு அங்கேதான் தெரியும்.

அப்படியானால் டீசலா? எஞ்சினைக் கொண்டே வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் உயரத்தில் அதிகம் குறையாத இழுவையும் பெரும் பலம். ஆனால் டீசல் எஞ்சின் பல நூறு பவுண்டு கூடுதல் கனம். முக்கால் டன் வண்டிகள் பலவற்றின் மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டில் நிற்பதால், அந்தக் கனம் சுமைத்திறனிலிருந்தே கழிகிறது. அதிக விலை கொடுத்துக் குறைந்த சுமையை வாங்குகிறோம்.

என் தீர்ப்பு இது: ஏற்றிய எடை 5,000 பவுண்டுக்குள் என்றால் அரை டன் போதும். 6,000 முதல் 9,000 வரை, குடும்பத்தோடு என்றால் பெட்ரோல் முக்கால் டன். அதற்கு மேலோ, எடையில் ஐந்தில் ஒரு பங்கை வண்டியின் மேல் இறக்கும் ஃபிஃப்த்-வீல் டிரெய்லரோ என்றால் இன்னும் பெரிய வகையான ஒரு டன் டீசல். எதுவானாலும் முதல் செலவு, டிரெய்லரின் பிரேக்கை வண்டியின் வேகக்குறைப்புக்கு ஏற்ப இயக்கும் கன்ட்ரோலருக்கு. அடுத்தது நீண்ட கண்ணாடிகளுக்கும் அதிகச் சுமை தாங்கும் டயர்களுக்கும்.

கடைக்குப் போகும்போது உங்கள் டிரெய்லரின் ஏற்றிய எடையை எழுதி எடுத்துச் செல்லுங்கள். விலை பேசும் முன் கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் படியுங்கள். வாங்கிய பின், எல்லாவற்றையும் ஏற்றி, எல்லோரும் உட்கார்ந்து, லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப்பில் உள்ள எடைமேடையில் ஒருமுறை நிறுத்துங்கள். முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில், டிரெய்லர் என மூன்று எண்கள் வரும். அவை வரம்புக்குள் இருந்தால் மட்டுமே அந்த வண்டி உங்கள் கேம்பருக்கு ஏற்றது.