வில்லியார் காட்டும் பங்காளிப் போர்

பாரதத்தை வீட்டினுள் வைத்துப் படிக்கலாகாது, படித்தால் பங்காளிகளுக்குள் சண்டை மூளும் என்னும் நம்பிக்கை தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக உண்டு. கோயில் மண்டபத்தில் படிக்கலாம். கூத்துக் களத்தில் ஆடலாம். குடும்பம் வாழும் கூரையின் கீழ் மட்டும் ஆகாது என்பர் முதியோர். இதனை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆயினும், இதனுள் ஒரு நல்ல திறனாய்வுக் கருத்து அடங்கியிருக்கிறது. இராமாயணத்தைப் பற்றி எவரும் இவ்வாறு அஞ்சியதில்லை. இராமனுடைய பகைவன் கடலுக்கு அப்பால் இருந்தான். பாரதத்தின் பகைவரோ ஒரே பாட்டன் மடியில் வளர்ந்து, ஒரே ஆசானிடம் வில் பயின்றவர். அந்தக் கதையின் நெருப்பு எந்த வீட்டிலும் பற்றக்கூடியது என்பதை மக்கள் அறிந்திருந்தனர்.

கெடா மாநிலத்துத் தோட்டங்களுக்கு வந்த தமிழருள் வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, சேலம், திருச்சி, தஞ்சைப் பகுதிகளைச் சேர்ந்தோர் பலர். அவர்கள் பாரதத்தை முதலில் ஏட்டில் கற்றவரல்லர். கூத்திலும் கதைப்பாட்டிலும் கேட்டவர். அல்லி அரசாணி மாலையும் பவளக்கொடி மாலையும் பெரிய எழுத்துப் புத்தகங்களாக அச்சேறி அத்தகைய எளிய மக்களிடையே வழங்கின. அவர்களுடைய பேரப்பிள்ளைகளோ சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் அலோர் ஸ்டாரிலும் வகுப்பறையில் பாரதத்தைக் கற்கின்றனர். இவ்விரு பாரதங்களையும் ஒருங்கு வைத்து நோக்கினால், வில்லிபுத்தூராரின் நூல் புதிய ஒளியில் விளங்கும்.

உறவினர் போரைப் பற்றிய சிந்தனை தமிழுக்கு வடமொழியிலிருந்து வந்த ஒன்றன்று. தன் மக்கள்மேல் படையெடுத்துச் சென்றான் கோப்பெருஞ்சோழன். அவனைத் தடுத்த புல்லாற்றூர் எயிற்றியனார் வைத்த வினா மிக எளியது: நீ வென்றால், உனக்குப்பின் இந்நாட்டை யாருக்குக் கொடுப்பாய்? நீ தோற்றால், உன் பகைவர் மகிழமாட்டாரோ? நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் இடையே நின்ற கோவூர்கிழாரும், தோற்பது எவராயினும் தோற்பது சோழர் குடியே என்று எடுத்துரைத்தார். வெற்றி என்னும் சொல்லே பொருளற்றுப்போகும் போர் ஒன்று உண்டு என்பதைச் சங்கப் புலவர் கண்டிருந்தனர். புறநானூறு காட்டிய அந்த உண்மையை ஒரு பெருங்காப்பியமாக விரித்துக் காணும் வாய்ப்பு வில்லியாருக்குக் கிட்டியது.

அவர் அதனை எவ்வாறு பயன்படுத்தினார்? கிருட்டிணன் தூதுச் சருக்கத்தைக் காண்போம். தூது செல்லுமுன் ஐவர் கருத்தையும் கேட்கும் கண்ணன், போரைத் தடுக்கும் வழி யாதெனச் சகாதேவனைத் தனியே வினவுகிறான். கன்னனுக்கு முடி சூட்டுக, அருச்சுனனைக் கொல்க, திரௌபதியின் கூந்தலைக் களைக, உன்னையும் தளையிட்டுக் கட்டுக, அப்போது போர் நிற்கும் என்கிறான் அவன். இதனைச் சகாதேவனுடைய அறிவுக்கும் பக்திக்கும் சான்றாகக் காட்டி அமைவதே வழக்கம். ஆனால், அவ்விடையில் கசப்பான கணக்கு ஒன்று இருக்கிறது. மூத்தவனுக்கு உரிய உரிமை, தம்பியின் உயிர், மனைவியின் சூளுரை, தெய்வத்தின் துணை ஆகிய நான்கையும் விட்டாலன்றி அமைதி இல்லை. மனிதர் எவரும் கொடுக்கவியலாத விலை அது. எனவே, போர் வருகிறது.

பின்னர்ச் சகாதேவன் கண்ணனிடம் பெறும் உறுதி, ஐவரையும் காக்கவேண்டும் என்பது. ஐவரும் காக்கப்படுகின்றனர். ஆனால், நூலின் இறுதியில் அசுவத்தாமன் நள்ளிரவில் பாசறை புகுந்து, உறங்கிக் கிடந்த இளம்பாண்டவர் ஐவரையும் கொல்கிறான். அபிமன்னனும் அரவானும் முன்னரே மாண்டனர். தந்தையர் ஐவர் பிழைக்க, மைந்தர் ஐவர் மடிகின்றனர். எயிற்றியனார் சோழனைக் கேட்ட வினா இங்கே விடையின்றி நிற்கிறது.

கன்னனிடத்தில் இந்த இழப்பு மேலும் கூர்மையடைகிறது. பெற்ற தாய் மூத்த மகனைத் தேடி வருவது, இளைய மகனைக் காக்கும் வரம் கேட்பதற்காக. நாகக் கணையை ஒருமுறைக்குமேல் தொடாதே என்கிறாள். மற்றை நால்வரைக் கொல்லாதே என்கிறாள். கன்னன் இசைகிறான். தான் களத்தில் வீழும்போது தன்னை மடியில் ஏந்தி, மகன் என்று உலகறியக் கூறவேண்டும் என்பது அவன் வேண்டுவது. பதினேழாம் நாளில் குந்தி களத்துக்கு வந்து அவ்வாறே செய்கிறாள். வியாசரோ இவ்வுண்மையைப் போர் முடிந்து நீர்க்கடன் ஆற்றும்போதுதான் பாண்டவர் செவியில் விழவைத்தார். வில்லியார் அதனைப் போர்க்களத்துக்கே கொண்டுவந்தது சிறந்த நாடக உத்தி என்பதில் ஐயமில்லை. குருதி உலருமுன், கொன்றது அண்ணனை என்பது தெரிந்துவிடுகிறது.

ஆயினும், ஒரு குறையையும் சொல்லியாகவேண்டும். வியாச பாரதம் பதினெட்டுப் பருவங்கள் கொண்டது. வில்லிபாரதம் பத்துப் பருவங்களில், சௌப்திக பருவத்தோடு நிறைகிறது. களத்தில் பிணங்களிடையே நடந்து, தத்தம் கணவரையும் மைந்தரையும் தேடும் மகளிரின் புலம்பலைப் பாடும் ஸ்திரீ பருவத்துக்கு வில்லியார் தனியிடம் அளிக்கவில்லை. வெற்றி பெற்ற தருமன் அரசை வெறுத்து வருந்தும் சாந்தி பருவமும் இல்லை. பிற்காலத்தில், 18-ஆம் நூற்றாண்டில், நல்லாப்பிள்ளை எஞ்சிய பருவங்களையும் பாடி நிறைவு செய்தார். எனினும் வகுப்பறையில் வாழ்வது வில்லியார் நூலே. பாரதியாரின் பாஞ்சாலி சபதமோ, பெயருக்கேற்பச் சூளுரையோடு முடிகிறது. ஆகவே, தமிழ் மாணவன் சூளுரையைக் கற்கிறான், தூதைக் கற்கிறான், கொடையைக் கற்கிறான், அழுகையைக் கற்பதில்லை.

அந்த அழுகையைக் காத்தவர் கூத்தரே. திரௌபதியம்மன் கோயில் விழாக்களில் படுகளம் என்றொரு நிகழ்ச்சி உண்டு. மண்ணால் துரியோதனன் உருவம் செய்து நிலத்தில் கிடத்துவர். வீமன் அவனை வீழ்த்த, திரௌபதி கூந்தல் முடிப்பாள். கதை அங்கே முடிந்திருக்கலாம், முடிவதில்லை. காந்தாரி ஒப்பாரி வைக்கிறாள். கூடிநிற்கும் பெண்டிரும் அழுகின்றனர். ஊர் முழுதும் வெறுத்த துரியோதனனுக்காகவும் ஒரு தாய் அழ உரிமை உண்டு என்பதை அக்கூத்து ஒப்புக்கொள்கிறது. வென்றவள் கூந்தலும் இழந்தவள் கண்ணீரும் ஒரே களத்தில் காணப்படுகின்றன. ஏட்டில் சுருங்கிய பருவம் மண்ணில் விரிந்தது எனலாம்.

இக்கதை நிகழ்வதற்குக் குருநாடு வேண்டியதில்லை. கெடாவின் வரலாறே சான்று. 1770-71இல் சுல்தான் முகம்மது ஜீவா தம் மகன் அப்துல்லாவுக்கு முடியுரிமை தந்ததை எதிர்த்து உறவினர் கிளர்ந்தெழுந்தனர். சிலாங்கூர் பூகிசுப் படையின் துணையை நாடினர். சுல்தானும் வெளியார் துணையை நாடி, பிரான்சிஸ் லைட் என்னும் ஆங்கில வணிகரோடு பேசினார். அவ்வாறு திறந்த வாயில் பின்னர் மூடவில்லை. 1786இல் பினாங்குத் தீவு ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. அதற்குச் சயாம், பர்மா அச்சம் முதலிய வேறு காரணங்களும் உண்டு. எனினும், உறவினர் பகையில் முதலில் நுழைபவன் துணைவன், இறுதியில் எஞ்சுபவன் உரிமையாளன் என்னும் பாடத்தை இந்நிகழ்ச்சி தெளிவாகக் காட்டுகிறது.

இன்று தோட்டங்கள் பல துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போயின. மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். பாட்டன் விட்டுச்சென்ற ஒரு வீட்டுக்காக அண்ணனும் தம்பியும் முகம் பாராதிருக்கும் குடும்பங்கள் எங்கும் உண்டு. அத்தகைய வீட்டிலிருந்து வரும் மாணவனுக்குக் கன்னன் கொடையை மட்டும் கற்பிப்பது பாரதத்தில் பாதியைக் கற்பிப்பதே ஆகும். தமிழாசிரியர் வில்லியார் செய்யுளை விளக்கியபின், படுகளத்து ஒப்பாரியையும் எயிற்றியனார் வினாவையும் அதனருகே வைத்தல் வேண்டும். அப்போது, பாரதத்தை வீட்டில் படிக்கலாகாது என்ற முதியோர் அச்சம் நீங்கும். சண்டை மூட்டும் நூல் என்று விலக்கப்பட்டது, சண்டையின் விலையைச் சொல்லும் நூலாக வீட்டினுள் வந்து அமரும்.