கேட்டுக்கு உள்ளே ஒரு கோடு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆனையூரில் எங்கள் வீட்டு டிவியில் 'மன்னன்' ஓடியது. எத்தனையாவது தடவை என்று கணக்கில்லை. அய்யா கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். மில்லில் முப்பது வருசம் பஞ்சுத் தூசியைத் தின்று ஓய்வுபெற்றவர். வேலைநிறுத்தக் காட்சி வந்ததும் எழுந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இந்த மில்லுல எல்லாப் பயலும் ஒண்ணுமண்ணாத் திரியுறாய்ங்களே, இது எந்த ஊர்லடா இருக்கு?"

இந்தப் படத்தைப் பற்றி இதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை நான் படித்ததில்லை.

பி. வாசு இயக்கி 1992 பொங்கலுக்கு வந்த படம். 'அனுராக அரளித்து' என்ற கன்னடப் படத்தின் தழுவல். ரஜினிகாந்த் தொழிலாளி, விஜயசாந்தி முதலாளி. தொழிலாளி சங்கத் தலைவனாகிறான். அவனை மடக்கிப் போட முதலாளியம்மா அவனையே கல்யாணம் செய்துகொள்கிறாள். கடைசியில் அவள் நாற்காலியை விட்டிறங்கி இல்லத்தரசியாகிறாள். சுபம்.

இங்கே ஜெயித்தது யார்? தொழிலாளி அல்ல, புருசன். கூலி, போனஸ், வேலைப் பாதுகாப்பு என்று தொடங்கிய சண்டை, பொம்பளைக்கு இவ்வளவு திமிர் ஆகுமா என்ற சண்டையாகத் திசைமாற்றப்படுகிறது. மூலதனத்தின் திமிரை ஒரு பெண்ணின் திமிராக மாற்றிவிட்டால், தாலியைக் கொண்டே அதை அடக்கிவிடலாம். மூலதனத்துக்கு ஒரு சேதாரமும் இல்லை. தியேட்டரில் விசிலடித்தவர்களில் நானும் ஒருவன். என் பக்கத்தில் விசிலடித்தவன் சம்சாரமும் அன்றைக்கு எங்கோ கூலிக்குப் போய்த்தான் இருந்திருப்பாள்.

படத்தில் உண்மையான ஆலைச் சண்டை ஒன்றே ஒன்று உண்டு. ரஜினியும் கவுண்டமணியும் பொய் சொல்லி லீவு வாங்கிக்கொண்டு 'சின்ன தம்பி' பார்க்கப் போகிறார்களே, அது. முதல் டிக்கெட் வாங்கியதற்குப் பரிசு கிடைக்க, அந்தப் பரிசே அவர்களைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. எல்லோரும் அதைக் காமெடி என்றார்கள். முதலாளியிடமிருந்து ஒரு நாளைத் திருடி அனுபவிப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று மில்லில் வேலை பார்த்தவனுக்குத்தான் தெரியும். அய்யா அந்தக் காட்சிக்கு மட்டும் வாய்விட்டுச் சிரிப்பார்.

அய்யா கேட்ட கேள்விக்கு வருகிறேன். நம் ஸ்ட்ரைக் சினிமாக்களில் கோடு ஒன்றுதான், அது மில் கேட்டு. வெளியே தொழிலாளி, உள்ளே முதலாளி. தொழிலாளிக்குச் சாதி கிடையாது, தெரு கிடையாது. எங்கள் அனுபவத்தில் கோடு கேட்டுக்கு உள்ளேயும் இருந்தது. அய்யாவைச் சேர்த்தது பஞ்சைப் பிரித்து உடைக்கிற ப்ளோ ரூமில். கூட வேலை பார்த்தவர்கள் எங்கள் தெருக்காரர்களே. குடிதண்ணீர்ப் பானை தனி. எண்பதுகளில் ஸ்ட்ரைக் வந்தது. கொடி பிடிக்க அய்யாவைக் கூப்பிட்டார்கள், போனார். கஞ்சித்தொட்டி திறந்தார்கள். அங்கே எங்கள் ஆட்களுக்கு வரிசை தனியாக நின்றது. "கொடி ஒண்ணு, கஞ்சி ரெண்டாடா?" என்று கேட்டுவிட்டு அய்யா திரும்பிவிட்டார். நாற்பதாவது நாளோ என்னவோ, வீட்டில் அடுப்பு எரியாமல் போனபின் வேலைக்குப் போனார். அன்றிலிருந்து எங்கள் தெருவுக்குக் 'கருங்காலித் தெரு' என்று பேர். காலேஜில் தோழர்களோடு திரிந்த காலத்தில் இந்தப் பேரை நான் யாரிடமும் சொன்னதில்லை. அய்யாவை நினைத்து வெட்கப்பட்டிருக்கிறேன். எழுதும்போது இன்றைக்கு வெட்கம் என்னைப் பற்றியதாக இருக்கிறது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானதை நாம் பெருமையோடு சொல்கிறோம். 1921 பற்றிப் பேசும்போது குரல் இறங்கிவிடுகிறது. பின்னியின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் வேலைநிறுத்தம். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் ஒரு நீண்ட கதவடைப்பு முடிந்திருந்தது. கையில் காசில்லாத ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குப் போனார்கள். நிர்வாகம் அந்தப் பிளவைப் பயன்படுத்திக்கொண்டது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூடும் நடந்தது. ஒரு தொழிற்தகராறு சேரிக்கும் ஊருக்குமான கலவரமாக முடிந்தது. வரலாற்றில் எங்களுக்கு மிஞ்சியது அதே பட்டம்தான்: கருங்காலி.

வேலைநிறுத்தத்தை உடைப்பது சரி என்று நான் வாதாட வரவில்லை. உடைத்தவனைக் கேட்பதற்கு முன்னால், ஒற்றுமையை முதலில் உடைத்தது யார் என்று கேட்கச் சொல்கிறேன். பம்பாய்ப் பஞ்சாலைகளில் தீண்டப்படாதவர்களை நெசவுப் பிரிவில் சேர்க்கமாட்டார்கள். அறுந்த நூலை வாயில் வைத்து எடுக்க வேண்டும், எச்சில் பட்டால் தீட்டு. 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இந்தக் கேள்வியைத்தான் எழுப்பினார்: கோரிக்கைப் பட்டியலில் இது ஏன் இல்லை? அதே அம்பேத்கர் தொழில் தகராறு மசோதாவை எதிர்த்து 1938 நவம்பர் 7 அன்று கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து ஒருநாள் வேலைநிறுத்தம் நடத்தினார். சேர்ந்து நிற்க முடியாதவர்கள் அல்ல நாம். எங்கள் கோரிக்கையும் பட்டியலில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

'மன்ன'னுக்கு 26 வருசம் கழித்து, 2018இல், அதே ரஜினியை வைத்து பா. ரஞ்சித் 'காலா' எடுத்தார். அதில் தாராவி வேலைக்குப் போகாமல் நின்றுவிடுகிறது, பம்பாய் ஸ்தம்பிக்கிறது. வேலைநிறுத்தம் செய்கிறவனுக்கு முதல்முறையாக ஒரு தெரு இருந்தது, வீடு இருந்தது, சுவரில் அம்பேத்கர் இருந்தார். பெரிய நகர்வு இது. ஆனால் அது சேரியின் வேலைநிறுத்தம். ஆலைக்குள் ஒரே கொடியின் கீழ் நிற்பவர்களுக்கு நடுவே விழுந்த கோட்டுக்குள் அந்தக் கேமரா போகவில்லை. அந்தப் படம் இனிமேல்தான் வரவேண்டும். அதில் கஞ்சித்தொட்டி இருக்கும், இரண்டு வரிசை இருக்கும். வேலைக்குத் திரும்புகிறவன் முகத்தில் கேமரா கொஞ்ச நேரமாவது நிற்கும்.

படம் முடிந்ததும் அய்யாவிடம், "அன்னைக்கு ஒரே வரிசையா நிக்க விட்டிருந்தா வேலைக்குப் போயிருப்பீங்களா?" என்று கேட்டேன்.

"பட்டினி கெடந்து செத்திருப்பேண்டா. ஆனா எல்லாரோடயும் சேந்து செத்திருப்பேன்" என்றார்.