ஜீனியும் சிம்ப்ளிஸும்

கல்லூரியில் நான் இருந்த இரண்டு வருஷங்களில் ஸ்காட்டின் நாவல்கள் சிலவற்றைப் படித்தேன். கோட்டையும் குதிரையும் கத்தியுமாக வந்தவை எல்லாம் மறந்துவிட்டன. மறக்காமல் நின்றவள் மாடு வைத்துப் பிழைக்கும் குடும்பத்துப் பெண் ஒருத்தி. 1818இல் வெளிவந்த 'ஹார்ட் ஆப் மிட்லோதியன்' நாவலின் ஜீனி டீன்ஸ். முதல்முறை படித்தபோது அவள்மீது எனக்கு அசாத்தியக் கோபம் வந்தது. நாற்பது வயதுக்குமேல் மறுபடியும் படித்தேன். கோபம் முழுவதும் போய்விட்டது என்று சொல்லமாட்டேன்.

ஜீனியின் தங்கை எஃபி, கல்யாணமாகாமலே தாயானவள். பிறந்த குழந்தையைக் காணோம். கர்ப்பத்தை ஒருவருக்கும் சொல்லாமல் மறைத்து, குழந்தையையும் காட்ட முடியாமற் போனால் தாயே கொன்றதாகக் கொள்ளலாம் என்பது அன்றைய ஸ்காட்லாந்துச் சட்டம். கூடப் பிறந்தவளிடமாவது சொல்லியிருந்தால் தப்பலாம். எஃபி சொல்லவில்லை. 'என்னிடம் சொன்னாள்' என்று அக்காள் கோர்ட்டில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், தங்கை பிழைப்பாள். சொன்னது பொய் என்று நிரூபிக்க ஒருவராலும் ஆகாது. ஜீனி கடவுளை முன்னிட்டுச் சத்தியம் செய்தவள், சொல்ல மறுக்கிறாள். தங்கைக்கு மரண தண்டனை.

இதில் ஸ்காட்டின் கைத்திறன் எங்கே இருக்கிறது என்றால், தகப்பன் டேவிட் டீன்ஸ் மகளிடம் பேசும் இடத்தில். கிழவர் பிடிவாதமான பிரஸ்பிட்டேரியன். தம் சமய உடன்படிக்கையை ஏற்காத அரசாங்கத்தின் கோர்ட்டில் ஏறிச் சாட்சி சொல்வதே பாவமோ என்று அவருக்குச் சந்தேகம். அதை மனத்தில் வைத்துக்கொண்டு, 'உன் மனச்சாட்சிப்படி செய்' என்கிற மாதிரி மகளிடம் சொல்லிவிடுகிறார். அவளோ, பொய்ச்சாட்சி சொல்லத்தான் அப்பா இடம் கொடுக்கிறார் என்று எண்ணி நடுங்கிப் போகிறாள். இரண்டு பேரும் யோக்கியர்கள், இரண்டு பேரும் கடவுளுக்குப் பயந்தவர்கள். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியவில்லை. பக்தியுள்ள வீடுகளை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு உண்மை என்று தெரியும்.

பொய் சொல்ல மறுத்ததோடு ஜீனி நின்றிருந்தால் நான் புத்தகத்தை மூடியிருப்பேன். அவள் ராஜமன்னிப்புக் கேட்க எடின்பரோவிலிருந்து லண்டனுக்குப் புறப்படுகிறாள், பெரும்பாலும் கால்நடையாக. தேய்ந்து போகுமே என்று செருப்பைக் கழற்றி வைத்துக்கொண்டு வெறுங்காலோடு நடக்கிறாள். இங்கிலாந்துக்காரர்கள் பார்த்துச் சிரிக்கவே, மனமில்லாமல் மாட்டிக்கொள்கிறாள். ஆர்கைல் பிரபுவின் தயவில் காரலைன் ராணியைச் சந்தித்து மன்னிப்பும் பெறுகிறாள். ராணி கொடுத்த சின்னத் தையற்பையில் ஐம்பது பவுன் நோட்டு இருக்கிறது. வேதாந்தம் பேசுகிறவளல்ல ஜீனி. அவளுடைய மதம் செருப்பைச் சிக்கனப்படுத்துவதிலும் பால் கறப்பதிலும் சாட்சிக் கூண்டிலும் ஒன்றாகவே இருக்கிறது. இது முற்றும் கற்பனையும் அல்ல. ஹெலன் வாக்கர் என்ற ஏழைப் பெண் உண்மையாகவே இப்படி மறுத்து, இப்படி நடந்து, தங்கையை மீட்டாள். 1791இல் இறந்த அவளுக்கு, 1831இல் ஸ்காட் கல்லறைக்கல் நாட்டினார்.

இனி மற்றொருத்தி. விக்தர் ஹியூகோவின் 'லே மிசராப்ளே' (1862) நாவலை நம்மவர்கள் சுத்தானந்த பாரதியாரின் 'ஏழை படும் பாடு' மூலமாகவும், 1950இல் வந்த படத்தின் மூலமாகவும் அறிவார்கள். அதில் சிம்ப்ளிஸ் என்ற கன்னிகாஸ்திரீ வருகிறாள். விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்லி அறியாதவள். ஜான் வால்ஜானைத் தேடி ஜாவர் வந்து, அறையில் வேறு யாராவது உண்டா என்று கேட்கிறான். இல்லை என்கிறாள். அவனைப் பார்த்தாயா என்கிறான். இல்லை என்கிறாள். வால்ஜான் கதவு மறைவில்தான் நிற்கிறான். அப்போதுதான் ஊதி அணைத்த மெழுகுவர்த்தி மேஜைமேல் புகைகிறது. அவள் வாக்கின்மேல் இருந்த நம்பிக்கையில் ஜாவர் அந்தப் புகையைக்கூடக் கவனிக்கவில்லை. ஆயுள் முழுவதும் சேர்த்து வைத்த உண்மையை அவள் ஒரே நிமிஷத்தில் செலவழித்துவிட்டாள்.

குற்றமில்லாத நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்ற வள்ளுவர் சிம்ப்ளிஸ் பக்கம்தான் இருப்பார். நானும் மனத்தால் அந்தப் பக்கம்தான். ஆனால் நாவலாசிரியன் என்ற முறையில் என் ஓட்டு ஜீனிக்கு. சிம்ப்ளிஸ் பொய் சொன்ன மறுகணமே ஹியூகோ குறுக்கே வந்து, அந்தப் பொய் பரலோகத்தில் அவள் கணக்கில் வரவாகட்டும் என்று பிரார்த்திக்கிறார். ஆசிரியர் அவ்வளவு அவசரப்பட்டு மன்னித்தபின் வாசகனுக்கு என்ன வேலை? ஜீனியை அப்படி யாரும் மன்னிக்கவில்லை. தங்கைக்குச் செய்ய மறுத்ததற்கு ஈடாக அவள் தன் காலைத்தான் கொடுக்க வேண்டியிருந்தது. உண்மை சொல்லிவிட்டு வீட்டில் போய்ப் படுத்துக்கொள்ளும் உத்தமர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஸ்காட்டிடமும் குறை உண்டு. மன்னிப்புக் கிடைத்தபின் கதை நெடுந்தூரம் இழுக்கிறது. சீமாட்டியாகிவிட்ட எஃபி பொய்யிலேயே வாழ்வதைக் காட்டும் பகுதிகளைத் தவிர மற்றவற்றைச் சுருக்கியிருக்கலாம். கடைசியில் வாசகரை விளித்து ஒரு நீதி வேறு. அதைவிடப் பெரிய குறை, ராணி மனமிரங்கிவிட்டது. இரங்காமலிருந்தால் ஜீனி என்ன ஆகியிருப்பாள்? அந்தக் கேள்வியை எழுத ஸ்காட்டுக்குத் துணிவில்லை, அல்லது மனமில்லை.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் ஒரு கிறிஸ்தவர். என் அண்ணனுக்கு வரவிருந்த ஓர் உத்தியோகத்துக்கு வயது மூன்று மாதம் கூடிப்போயிற்று. ரிஜிஸ்தரில் தேதியை மாற்றித் தரும்படி அப்பா அவர் வீட்டு வாசலில் நின்று கேட்டார். "மன்னிக்கணும் ஐயா, அது மட்டும் என்னால் ஆகாது" என்றார் அவர். உத்தியோகம் போயிற்று. மறுநாள் சாயங்காலம் அவரே எங்கள் வீட்டுக்கு வந்து, வேறொரு பரீட்சைக்கு அண்ணனைத் தயார் செய்வதாகச் சொன்னார். ஒரு வருஷம் தினமும் இரவு லாந்தர் வெளிச்சத்தில் உட்கார்ந்து கணக்கும் இங்கிலீஷும் சொல்லிக் கொடுத்தார். ஒரு காசு வாங்கவில்லை. அண்ணன் தேறவில்லை. பிற்பாடு ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதினான். ஹெட்மாஸ்டர் கடைப்பக்கம் வந்தால் பேனாவை வைத்துவிட்டு எழுந்து நிற்பான். அப்பா கடைசிவரை எழுந்திருக்கவில்லை.