ராணிகளைக் கவிழ்க்கும் கை

லாஸ் வேகாஸில் நடக்கும் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். 2023-இல் பதிவு 10,043; பணம் 1,507 இடங்களுக்கு. கடைசிப் பரிசே 15,000 டாலர்.

பணம் கிடைக்கும் அந்த எல்லை நெருங்கும்போது ஆட்டக்காரரின் விரல்களைப் பார்க்க வேண்டும். கையில் ராணி ஜோடி. சிப்பைக் குவித்து வைத்திருக்கும் எதிராளி ‘ஆல்-இன்’, அதாவது மொத்தச் சிப்பும் பந்தயம், என்கிறார். பக்கத்து மேசையில் ஒருவர் இரண்டே சிப்போடு தத்தளிக்கிறார்; அவர் முதலில் வெளியேறினால் இவர் பரிசை நெருங்கிவிடுவார். சீட்டின் மூலையை இன்னொரு முறை தூக்கிப் பார்த்துவிட்டு, இரண்டு ராணிகளையும் கவிழ்த்தபடியே டீலர் பக்கம் தள்ளுகிறாரே, அதற்குத்தான் என் கைதட்டல். கோழைத்தனம் என்பார்கள்; பார்வையாளருக்கென்ன, பணமா போகிறது? அந்த நேரத்தில், இழக்கும் சிப்புக்கு வெல்லும் சிப்பைவிட மதிப்பு அதிகம். பத்துப் பேருக்கு ஒரே பரிசு தரும் தகுதிச்சுற்றில் பதினோரு பேர் மிஞ்சியிருந்தால், சில சமயம் ஏஸ் ஜோடியைக்கூடக் கவிழ்ப்பதே சரியான ஆட்டம்.